கல்லாற்றுக் குளிருக்கு ஒரு மெஷின்

"டீச்சரம்மா, இந்தத் தொட்டி எவ்வளவு பிடிக்கும்?" என்று வேலப்பன் கேட்டார். கேட்டுவிட்டு, அனந்தலக்ஷ்மி வாயைத் திறப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கண்ணாடியின் மேல் நீட்டிவிட்டார்.

"இருநூத்தம்பது லிட்டர். நான் சொல்றதுக்குள்ளயே அளக்கறேளே, பின்ன என்னத்துக்குக் கேட்டேள்?"

"சொல்லுத கணக்குக்கும் இருக்குத கணக்குக்கும் எவ்வளவு தூரம்னு பாக்கத்தான்."

டேப்பும் அதைத்தான் சொல்லிற்று. உள்ளே கிடக்கும் கல்லுக்குக் கொஞ்சம் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். வேலப்பனுக்கு அது பிடிக்கவில்லை. வாய் சொன்னதும் டேப் சொன்னதும் ஒன்றாக இருந்தால், பொய் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

தக்கலைப் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு தீர்ந்தது. சாலைக் கடைத்தெருவின் பின்சந்தில் ஃபிரிட்ஜ், கூலர், ஐஸ் பெட்டி ரிப்பேர். அறுபதைத் தாண்டியாயிற்று, கடையில் ஆள் வைத்துக்கொண்டதில்லை. ஆளை நம்பிச் சாவியைக் கொடுப்பதைவிடச் சாகலாம் என்பார்.

ஒரு காலத்தில் நம்பித்தான் இருந்தார். விழிஞ்ஞத்தில் ஒரு மீன் மொத்தவியாபாரி, பத்துக் கூடை வைக்கக் குளிர்ப்பெட்டி வேண்டும் என்று சொல்லிச் செய்து வாங்கினான். பத்துக் கூடைக்கு அளவாகச் செய்து கொடுத்தார். அவன் இருபத்தைந்தை அடைத்தான். சூரை மீன் நாறிப் போனது. கரை நெடுகப் போய், வேலப்பன் மெஷின் ஆகாது என்று பாட்டுப் படித்தான். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்: யார் எந்த அளவு சொன்னாலும் அதை இரண்டால் பெருக்கு. சோடாக்கடைக்காரன் கதவை மூடியே வைப்பேன் என்பான், மூடமாட்டான். கல்யாணவீட்டுக்காரன் முந்நூறு பேர் என்பான், அறுநூறு வரும். பெருக்கிக்கொண்டால் யாரும் வந்து சட்டையைப் பிடிக்கமாட்டான். இத்தனை வருஷமும் யாரும் பிடிக்கவில்லை.

கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில், சேஷன் சாமியின் வீட்டுக் கூடத்தில் மீன் தொட்டியா என்று முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அனந்தலக்ஷ்மி விஷயத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

அவள் கல்லூரியில் விலங்கியல் டீச்சர். நாற்பத்தைந்து வயது. கல்லாற்றில் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு சின்ன மீனைப் பற்றி ஆராய்ச்சி. கல்லொட்டி என்று அங்கே சொல்வார்கள். வயிற்றையே உறிஞ்சியாக்கி, எவ்வளவு வெள்ளம் வந்தாலும் கல்லை விடாது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்து எழுத வேண்டும். கல்லூரியில் சாயங்காலம் மெயினை அணைத்துப் பூட்டிவிடுவார்கள், அதனால் தொட்டி வீட்டுக்கு வந்தது. முதல் கோடையில் எல்லாம் வெந்து செத்தன. இரண்டாம் கோடையில் பாலிதீன் பையில் ஐஸ் கட்டி மிதக்கவிட்டாள். காலையில் குளிர், மத்தியானம் சூடு, சாயங்காலம் மறுபடி குளிர் என்று அலைந்தே செத்தன. இது மூன்றாவது. வருகிற ஜூனோடு அவளுடைய பதிவு முடிகிறது. அதற்குமேல் ஆராய்ச்சியும் இல்லை, பட்டமும் இல்லை.

"இதோ பாருங்கோ, இந்தப் பெரிசு." அவள் கண்ணாடியில் விரலை வைத்தாள். விரல் நீளத்தில் ஒரு மீன், கண்ணாடியோடு வயிறு ஒட்டியிருந்தது. தோலுக்கு அடியில் கடுகு கடுகாய்ப் பச்சை நிறம். "முட்டை. நேக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் ஒருத்தரும் தொட்டிக்குள்ள பாத்ததில்லை. இது பிழைச்சாத்தான் நான் பிழைப்பேன்."

"மச்சாவதாரம்னு கூடத்துல விட ஒத்துண்டேன், வேலப்பா," என்று ஊஞ்சலிலிருந்து சேஷன் குரல் கொடுத்தார். அனந்தலக்ஷ்மியின் அப்பா. "அதுக்குப் புழுவாக்கும் நைவேத்யம்! செருப்பு வைக்கற அலமாரில டப்பா போட்டு வச்சிருக்கா. அதையும் ஃபிரிட்ஜுக்குள்ள கொண்டுவந்தா நான் காசிக்குப் போயிடுவேன்."

"அப்பா, போறும்."

"சரி," என்றார் வேலப்பன். "வெள்ளம் எத்தனை டிகிரி வேணும்?"

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பதினெட்டு."

அந்த ஒரு கணத்தை வேலப்பன் கவனிக்காமல் இல்லை. ஆனால் டேப்பை வைத்து அளக்கிற சங்கதி இல்லை அது. கல்லாற்றில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அளக்க முடிகிறதை அளந்தார், அளக்க முடியாததைத் தன் சட்டப்படி பெருக்கினார். பதினெட்டு என்றால் இவர்களுக்குப் பதினாறு வேண்டியிருக்கும். மழை பெய்யாத எண்பத்து மூன்றாம் வருஷம், மீனமாசத்துப் பங்குனி வெயில் கூரை ஓட்டைப் பிளக்கிறது. கூடத்து ஜன்னலைத் திறந்து போடுவார்கள். விளக்கைப் போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கரண்ட் வேறு நினைத்தபோது போகிறது. சின்ன ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் போதும் என்று மனசின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையையும் அவர் நம்பவில்லை.

"அரைக் குதிரை வைக்கணும்," என்றார்.

பழைய சோடாக்கடைக் கூலரிலிருந்து கழற்றிய அரை எச்.பி. கம்ப்ரஸர் கடையில் கிடந்தது. கன்றுக்குட்டி கனம். ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து பின்முற்றத்தில் இறக்கினார். சூடு வீட்டுக்குள் வரக்கூடாது, அந்த அளவுக்குப் புத்தி உண்டு. செம்புக்குழாயைத் தண்ணீரில் விடக்கூடாது, மீனுக்கு விஷம் என்று அனந்தலக்ஷ்மி ஒற்றைக்காலில் நின்றாள். பால் பண்ணையில் கழித்துப்போட்ட எவர்சில்வர் சுருளைத் தேடி எடுத்துவந்தார். தெர்மாகோல் பெட்டியில் சுருள், அந்தப் பெட்டிக்குள் தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் போகும். சின்னப் பம்ப் ஒன்று, குளிர்ந்த தண்ணீரை மெல்லிய குழாய் வழியாக மறுபக்கம் பீச்சும். தெர்மோஸ்டாட்டின் உணரியைத் தொட்டியின் எதிர்மூலையில் தொங்கவிட்டார். கூலரில் அப்படித்தான் வைப்பது வழக்கம், கடைசிப் பாட்டிலும் குளிர்ந்த பிறகு மெஷின் நிற்கவேண்டும் என்று.

மத்தியானத்துக்கு ஸ்விட்சைப் போட்டார். முற்றம் அதிர்ந்தது.

"ஏ வேலப்பா, இது மெஷினா, பஸ்ஸா?" என்றார் சேஷன்.

"ரெண்டு நாள்ல காது பழகிரும் சாமி."

அனந்தலக்ஷ்மிக்குக் கல்லூரியில் பரீட்சை மேற்பார்வை. தவிர்க்க முடியாது. வாசல்வரை போனவள் திரும்பிவந்தாள். "நான் வர்ற வரைக்கும் இங்கயே இருப்பேளா?"

"இருப்பேன். நான் வச்ச மெஷின்ல வேறே ஆளு கைவைக்க விடமாட்டேன்."

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொட்டியையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கல்லிலும் கண்ணாடியிலும் அங்கங்கே ஒட்டியிருந்த மீன்கள் ஒவ்வொன்றாக விட்டு விட்டு, நகர்ந்து நகர்ந்து, குழாய் வாயின் முன்னால் வந்து சேர்ந்தன. பீச்சுகிற தண்ணீருக்கு நேரே தலையை வைத்துக்கொண்டு வரிசையாக ஒட்டிக்கொண்டன. பெரிசு முதலிடத்தில்.

"பாத்தியளா சாமி! சொந்த ஊருக் குளிர் கெடச்சதும் வரிசை கட்டி நிக்குதுவ!"

"மண்ணெண்ணெய்க்கு நிக்கற மாதிரின்னா நிக்கறது," என்று சேஷன் எட்டிப் பார்த்தார். அவருக்கும் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

எதிர்மூலையில் தொங்கிய தெர்மாமீட்டர் முப்பதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்தேழு. இருபத்தாறு. வேலப்பன் இடுப்பு வேட்டியிலிருந்து பொடி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை போட்டார். இனி யாரும் வந்து சட்டையைப் பிடிக்கமாட்டார்கள்.

நாலு மணிக்கு அனந்தலக்ஷ்மி வந்தாள். குடையைக்கூட மடக்காமல் தொட்டியிடம் போனாள். பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து வேலப்பன் எழுந்துவிட்டார்.

"எத்தனை நேரமா இப்படி நிக்கறது?"

"மத்தியானத்துலருந்தே. குளிருக்கு ஓடிவந்து..."

"குளிருக்கு இல்லை! ஒழுக்குக்கு, தண்ணி பாயறதுக்கு!" அவள் எதிர்மூலைத் தெர்மாமீட்டரைப் பிடுங்கினாள். அதில் இருபத்து நாலு. அதையே கொண்டுபோய்க் குழாய் வாயில் வைத்தாள். பாதரசம் விழுந்த வேகத்தை வேலப்பன் தன் கண்ணால் பார்த்தார். பதினைந்தில் போய் நின்றது.

தண்ணீர் எங்கிருந்து பாய்கிறதோ அந்த வாயைத் தேடி நிற்பது கல்லொட்டியின் பிறவிக்குணம். ஆற்றில் அப்படி நின்றால்தான் உயிர். பாய்கிற தண்ணீர் கொல்லும் என்று அதற்குத் தெரியாது. எதிர்மூலையில் தொங்கிய உணரிக்கும் தெரியாது. அது இன்னும் குளிரவில்லை, இன்னும் ஓட்டு என்று மெஷினைத் துரத்திக்கொண்டிருந்தது. அரைக் குதிரையும் ஓடியது.

ஒரு மீன் கண்ணாடியை விட்டு நழுவிற்று. மெதுவாக, காய்ந்த இலை விழுவதுபோல், வயிறு மேலாக.

வேலப்பன் முற்றத்துக்கு ஓடி ஸ்விட்சைத் தட்டினார். அங்கேயிருந்து அடுக்களைக்கு ஓடினார். அந்த அடுக்களைக்குள் அவர் அதற்குமுன் கால் வைத்ததில்லை. அடுப்பில் காய்ந்த வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அனந்தலக்ஷ்மி அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். வெந்நீர் தளும்பி இரண்டு பேர் கையிலும் பட்டது.

"கொல்லப்போறேளா? இறக்கினதே தாங்கலை, ஏத்தினா எப்படித் தாங்கும்?"

"பின்ன என்ன செய்ய? சொல்லுங்க, என்ன செய்ய?"

"கலக்கணும். மெல்ல. அந்த மூலைத் தண்ணியை இந்த மூலைக்குக் கொண்டுவரணும்."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். வேலப்பன் ஒரு டம்ளரை எடுத்து எதிர்மூலையில் மொண்டு, இந்தப் பக்கம் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றினார். குமிழி விழ வேண்டும், காற்றுக் கலக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். மொண்டார், ஊற்றினார். இரண்டாவது மீன் நழுவிற்று. மெஷின் சத்தம் போன வீட்டில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். திரும்பிப் பார்த்தால் சேஷன், ஜபத்துக்கு உட்காரவேண்டிய நேரத்தில், பூஜைச் சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

"தள்ளு, வேலப்பா. இந்தப் பக்கம் நான் ஊத்தறேன்."

"சாமி, மீன்வெள்ளமாக்கும்."

"எனக்குக் கண்ணு தெரியறது. நீ ஊத்து."

தொட்டி முழுவதும் ஒரே குளிராக ஆனபோது விளக்கு வைக்கிற நேரம். தெர்மாமீட்டர் எந்த மூலையில் வைத்தாலும் இருபத்திரண்டு காட்டியது. நழுவியதில் ஒன்று திரும்ப எழுந்து கல்லில் ஒட்டிக்கொண்டது. மற்றது எழவில்லை. அனந்தலக்ஷ்மி அதை வாழையிலைத் துண்டில் எடுத்து வைத்தாள். பெரிசு கண்ணாடியை விடவே இல்லை. ஆனால் நிறம் வெளுத்து, செவுள் அடிப்பது நூலிழை போலத்தான் தெரிந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளா என்று வேலப்பன் பார்க்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"டீச்சரம்மா, பதினெட்டு வேணும்னு சொன்னிய. இப்ப இருபத்திரண்டுல கலக்கிட்டுப் போறும்ங்கிய. எது சத்தியம்?"

அவள் ஈரக்கையைத் தலைப்பில் துடைத்தாள். "இருபத்து மூணு."

"பின்ன ஏன் பதினெட்டுன்னிய?"

"இந்த வீட்டுக்கு வந்த எவன் சொன்ன அளவுக்குச் செஞ்சு குடுத்திருக்கான்? தண்ணி டாங்க் வச்சவன், ஃபேன் மாட்டினவன், ஃபிரிட்ஜ் பாத்தவன்... எல்லாருமே குறைச்சுத்தான் வச்சா. அதனால குளிரைக் கூட்டிச் சொன்னேன். பதினெட்டு கேட்டா இருபத்து மூணாவது கிடைக்கும்னு."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்ட என்னத்துக்கு வேற மாதிரி சொல்லணும்? அன்னைக்குத்தானே உங்களைப் பாத்தேன்!"

வேலப்பன் தலையாட்டினார். நியாயமான பேச்சு.

"நீங்க சொல்லுங்கோ. பதினெட்டுக்கு அரைக் குதிரை வேணுமா?"

"வேண்டாம்."

"எவ்வளவு போறும்?"

"பதினெட்டுக்குன்னா கால் தாராளம். இருபத்து மூணுக்குன்னா அதுலயும் பாதி." பொடி டப்பாவைத் திறந்து, போடாமல் மூடினார். "ஆளுவ கொறச்சுத்தான் சொல்லுவாவ. நான் அதைக் கூட்டிக்கிடுவேன்."

"ரெண்டு பேருமாச் சேர்ந்து கூட்டினோம்," என்றாள் அவள்.

"நல்ல ஜோடி," என்று சேஷன் சொம்பைக் கழுவப் போனார்.

தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. ஆனால் மெஷின் இல்லாமல் நாளைச் சாயங்காலத்துக்குமேல் தாங்காது. அதற்குள் சரியான அளவில் ஒன்று வைத்தாக வேண்டும். வேலப்பன் எழுந்து கையை நீட்டினார்.

"அந்தத் தெர்மாமீட்டரைத் தாங்க."

"என்னத்துக்கு?"

"கல்லாத்துக்குப் போவணும். விடியக்காலம் பஸ்ஸு."

"நான்தான் இருபத்து மூணுன்னு சொல்லிட்டேனே!"

"பதினெட்டுன்னும் நீங்கதான சொன்னிய."

அவள் முறைத்தாள். ஆனால் கொடுத்தாள். தெர்மாமீட்டரையும் அவர் அப்படியே நம்பிவிடவில்லை. கடைக்குப் போனதும் கரையும் ஐஸில் முக்கி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே துணியில் சுற்றி வைத்தார்.

கிழக்கேகோட்டையில் முதல் பஸ். கல்லாற்றில் இறங்கியபோது மலைமேல் வெயில் இறங்கவில்லை. அந்தக் கோடையில் ஆறு மெலிந்து, பெரிய பாறைகளுக்கு நடுவில் ஒதுங்கி ஓடிற்று. வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். பாறையின் நிழலில் தெர்மாமீட்டரைப் பிடித்தார். இருபத்து மூன்று. அடியில், கையெட்டும் ஆழத்தில், இருபத்து மூன்று. ஒழுக்கு பாய்கிற வாயில் வைத்தார், ஒதுங்கி நிற்கிற குழியில் வைத்தார். அரை டிகிரி கூட ஆடவில்லை.

தெர்மாமீட்டரைக் கரையில் வைத்துவிட்டுக் கையை மட்டும் விட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் குளிரை வைத்துப் பிழைத்த கை. இது கடிக்கிற குளிர் இல்லை. கடையில் சோடாப் பாட்டிலில் இருக்கிற குளிர் இல்லை. ஆனால் எங்கே விட்டாலும் அதே குளிர், எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் அதே குளிர். மலை ஒரே மூச்சில் கொட்டித் தீர்ப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, நிற்காமல், விட்டுக்கொண்டே இருக்கிறது. ஓடி ஓடி நிற்கிற பெரிய மெஷின் இந்த வேலைக்கு ஆகாது. நிற்காமல் ஓடுகிற சின்னது வேண்டும்.

சின்னது கடையில் இரண்டு கிடந்தன. இரண்டும் யார் யாரோ எப்படி எப்படியோ ஓட்டியவை. நம்பிக் கொண்டுபோக முடியாது. தன் கையால் கேஸ் நிரப்பி, தன் கண் முன்னால் ஓடுகிற எட்டிலொன்று எச்.பி. ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது.

"என்ன கழத்துதிய?" என்றாள் அவர் மனைவி பூமாரி.

"கம்ப்ரஸர்."

"கெட்டுப்போச்சா?"

"இல்ல. நல்லா இருக்கு. அதான் கழத்துதேன்."

பூமாரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "ஊருக்கெல்லாம் குளிர வைக்கிய, வீட்டுல தோசைமாவு புளிச்சுச் சாவட்டும். யாருக்கு?"

"அக்ரஹாரத்துல மீனுக்கு."

"அக்ரஹாரத்துல... மீனுக்கு," என்று அவள் திருப்பிச் சொன்னாள். "வெயில்ல ரொம்பச் சுத்தாதீயன்னு சொன்னா கேக்கணும்."

அன்று சாயங்காலம் அக்ரஹாரத்து முற்றத்தில் சின்ன மெஷின் உட்கார்ந்தது. தொட்டி அதற்குள் இருபத்தேழைத் தொட்டிருந்தது. பெரிசு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உணரியை இந்தத் தடவை எதிர்மூலையில் வைக்கவில்லை, குழாய் வாயிலேயே, மீன் நிற்கிற இடத்திலேயே கட்டினார். ஸ்விட்சைப் போட்டதும் கேட்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு முனகல். பீச்சுகிற தண்ணீர் தொட்டித் தண்ணீரைவிட இரண்டு டிகிரிதான் குறைச்சல். ராத்திரி முழுக்க இறங்கி, மறுநாள் காலையில் இருபத்து மூன்றுக்கு வந்தது என்று அனந்தலக்ஷ்மி சொன்னாள். வேலப்பன் வந்து தானே பார்த்துக்கொண்டார்.

அரைக் குதிரையை அவர் எடுத்துப் போகவில்லை. முற்றத்து மூலையிலேயே சாக்குப் போட்டு மூடி வைத்தார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. சின்னது தாங்குமா என்று இரண்டு பேருக்குமே சந்தேகம்.

சித்திரை பிறந்ததும் அந்தச் சந்தேகம் முற்றத்துக்கு வந்து நின்றது. காற்றே இல்லாத ஒரு மத்தியானம். அனந்தலக்ஷ்மி கடைக்கு ஆள் அனுப்பியிருந்தாள். வேலப்பன் வந்து பார்த்தபோது இருபத்து நாலரை. மெஷின் ஒரு நொடியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்து ட்யூப்லைட் மினுங்கிற்று. வோல்ட்டேஜ் இல்லை.

"இருபத்தஞ்சு ஆயிடுத்து," என்றாள் சற்றுப் பொறுத்து. பெரிசின் வயிறு இப்போது வெடித்துவிடும்போல இருந்தது. இன்றோ நாளையோ. "வேலப்பன், அந்தப் பெரிய மெஷினை ஒரு மணிநேரம் மாட்டினா என்ன?"

அவருக்கும் அந்த நினைப்புதான். சாக்கைப் பார்த்தார். கை அரித்தது.

"வேண்டாம். ஏறினாலும் மெல்லத்தானே ஏறுது. சட்டுன்னு ஏத்தி இறக்கினாத்தான் தாங்காதுன்னு நீங்கதான சொன்னிய."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது.

முனகல் நின்றதும் வீடே காதடைத்ததுபோல் ஆயிற்று. பம்ப் நின்றது. மீன்கள் ஒழுக்கு எங்கே என்று அலைந்தன. இரண்டு பேரும் டம்ளரை எடுத்தார்கள். சேஷன் சொம்பை எடுத்தார். அது அந்த வீட்டில் பழகிப்போன வேலை ஆகிவிட்டிருந்தது.

அரைமணி கழித்துக் கரண்ட் வந்தது. ட்யூப்லைட் சிவந்து எரிந்தது. பம்ப் ஓடியது. மெஷின் மட்டும் 'ம்ம்ம்' என்று இழுத்து, டக் என்று விழுந்தது. மறுபடி இழுத்தது, மறுபடி விழுந்தது. வேலப்பன் பாய்ந்துபோய் அதன் ஸ்விட்சை அணைத்தார்.

"ஏன் அணைச்சேள்?"

"மூச்சு முட்டி நிக்கி. உள்ள கேஸ் அமரணும். இந்த வோல்ட்டேஜ்ல முரண்டு பிடிச்சா வைண்டிங் எரிஞ்சிரும்."

"எத்தனை நேரம்?"

"பொறுங்க."

"இருபத்தஞ்சரை! போட்டுப் பாருங்கோ!"

"பொறுக்கச் சொன்னேன்லா!"

அவர் கம்ப்ரஸரின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். சூடு கையைச் சுட்டது. எடுக்கவில்லை. உள்ளே சலசலப்பு அடங்குகிறதா என்று விரல்நுனியால் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய மெஷினாக இருந்தால் இந்நேரம் எரிந்துபோயிருக்கும் என்று தெரிந்தது. சின்னது எழும்புமா என்று தெரியவில்லை. அவர் பின்னால் அனந்தலக்ஷ்மியின் மூச்சுச் சத்தம் கேட்டது.

சலசலப்பு நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்தார். ஸ்விட்சைப் போட்டார்.

'ம்ம்ம்' என்று இழுத்தது. இழுத்தது. ட்யூப்லைட் மங்கிற்று. பிறகு, யாரோ தூக்கத்தில் புரண்டு படுத்ததுபோல் ஒரு உதறல், அதன்பின் பழைய முனகல்.

அன்றைக்கு இருபத்தஞ்சரைக்கு மேல் ஏறவில்லை. இருட்டுகிற நேரத்துக்குத் திரும்ப இருபத்து நாலு.

இரண்டு நாள் கழித்துக் கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அனந்தலக்ஷ்மி இறங்கவில்லை. தலையை மட்டும் நீட்டி, "கல்லுக்கடியில வச்சிருக்கு! வாங்கோ!" என்றாள். முட்டைகள். பாசிபோல் பச்சையாக, கல்லின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு. அதன்பின் சின்ன மெஷின் நின்று அவர் பார்க்கவில்லை.

அந்த வார முடிவில் போனபோது கூடத்தில் எல்லாரும் தொட்டியைச் சுற்றி இருந்தார்கள். சேஷன் ஊஞ்சலையே இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் கண் மட்டும் உள்ள சின்னச் சின்ன நூல்களாய்க் குஞ்சுகள், குழாய் வாயைப் பார்த்தபடி.

"நூறு இருக்கும்," என்றாள் அனந்தலக்ஷ்மி. முகத்தில் மூன்று கோடைக்கும் சேர்த்து ஒரு சிரிப்பு.

"நூறா?" என்றார் வேலப்பன்.

அவள் சொன்னதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. துண்டை விரித்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விரலைக் கண்ணாடியில் வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்.